வாசற்படி தாண்டாத வீமன்

நுவரெலியாப் பக்கம் போய்வந்தவர்கள் குளிரைப்பற்றிச் சொல்லுவார்கள், பூந்தோட்டத்தைப்பற்றிச் சொல்லுவார்கள், ஏரியைப்பற்றிச் சொல்லுவார்கள். நான் ஏரியையும் பார்க்கவில்லை, பூந்தோட்டத்தையும் பார்க்கவில்லை. ஒரு பலகைக் குடிலின் வாசற்படியைத்தான் நிறையப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப்பற்றித்தான் எழுதத் தெரியும். முருகன் பிழை பொறுக்கட்டும்.

மாரியில் என் மனைவி பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்து, சளி நெஞ்சிலே தங்கிவிட்டது. காய்ச்சல் போயிற்று, இருமல் போகவில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்று இதற்குக் கூடாது, கொஞ்ச நாள் மலைக்காற்றுப் படவேண்டும் என்று டாக்குத்தர் சொன்னார். ஒரு ஸ்டோர் கிளாக்கருக்கு மலைக்காற்று யார் வைத்திருந்து தருவார்கள்? ஆனால் முருகன் எங்கள் துரையின் மனதிலே புகுந்தான். கொழும்புக் கோட்டையில் நான் வேலை செய்கிற கொம்பனியின் துரைக்கு மலையிலே ஒரு மீன்பிடிக் குடில் உண்டு. லீவு கிடைத்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடுவார். விசயம் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டு, "கிளாக்கர், ஒரு கிழமை போய் இரு. ஒற்றை அறைதான். சுற்றிவர மனுசரே இல்லை. நாய் இருந்தால் கூட்டிக்கொண்டு போ, துணையாய் இருக்கும்" என்று இங்கிலீசில் சொன்னார்.

நாய் இருந்தது. பெயர் வீமன். ஒரு மழை நாளில் எங்கள் கேற்றடியில் நனைந்துகொண்டு நின்ற குட்டி. பெயர் வைத்தது நான்தான். சாப்பிடுகிற விதத்தைப் பார்த்து வைத்தேன், வீரத்தைப் பார்த்து அல்ல. முற்றத்தில் ஒரு தவளை பாய்ந்தால் என் காலுக்குப் பின்னால் வந்து நிற்பான்.

எங்கள் வீட்டில் வாசற்படி தாண்டியவுடன் சுவாமியறை. அதனாலே பாக்கியம் தொடக்கத்திலேயே சட்டம் போட்டுவிட்டாள். முற்றம் வீமனுக்கு. படிக்கட்டு வீமனுக்கு. படிக்கு உள்ளே ஒரு சாண்கூட இல்லை. குட்டியாய் இருந்தபோது மூக்கு உள்ளே நீண்டால் அகப்பையாலே நிலத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவனை அடித்ததில்லை, தட்டினது மட்டும்தான். அவன் பிடித்துக்கொண்டான். கதவை அகலத் திறந்துவிட்டு நாங்கள் கோயிலுக்குப் போய்வந்தாலும் படியிலே மூக்கை வைத்தபடி படுத்திருப்பான். பின்னேரம் நான் வேலையால் வந்து பைப்படியில் கால் கழுவுவதைப் பார்ப்பான். கழுவிவிட்டு உள்ளே போவதையும் பார்ப்பான். பிறகு ஒரு பெருமூச்சு விடுவான். இந்த ஒழுக்கத்தை நான் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமைதான் மலையில் எங்களைப் பிடித்து ஆட்டியது.

புறப்பட்ட அன்று காலையிலேயே ஆட்டம் தொடங்கிவிட்டது. கோச்சியில் நாய்க்கும் டிக்கற் உண்டு. ஆனால் நாய் நம்மோடு இருக்கக்கூடாது, ரயிலின் கடைசியில் கார்ட் பெட்டிக்குள் உள்ள கூண்டில்தான் போகவேண்டும். கூண்டு வாசலில் உயரமாய் ஒரு பலகை. வீமன் அந்தப் பலகையிலே மூக்கை வைத்தான். அப்படியே பிளாட்பாரத்தில் படுத்துவிட்டான். தள்ளினேன், இழுத்தேன், "என்ரை ராசா" என்றேன், "சனியனே" என்றேன். கார்ட் ஐயா கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்: "மாத்தயா, இந்த நாய் பயணம் போகிறதா, இல்லை, உங்களை வழியனுப்ப வந்ததா?"

கடைசியில் தூக்கித்தான் போட்டேன். என் ஒரே ஒரு நல்ல கோட்டில் பாதி நாய் ஒட்டிக்கொண்டது.

பாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா கூடை நிறையக் கித்துள் கருப்பட்டியோடு இருந்தா. எங்கள் கட்டுச்சோற்றிலே அவவுக்குக் கொஞ்சம், அவவின் கருப்பட்டியிலே எங்களுக்குக் கொஞ்சம். ஒருத்தியின் பாஷை மற்றவளுக்கு அரைகுறை, ஆனால் இருமலுக்கு என்ன குடிக்கவேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் ஒவ்வொரு ஸ்டேசனிலும் இறங்கிப் பின்பக்கம் ஓடி வீமனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். மலை ஏறத் தொடங்கின பிறகு ஓரிடத்தில், அவன் என் விரலை நக்கிக்கொண்டிருக்கையில் கோச்சி நகர்ந்துவிட்டது. கார்ட் ஐயா என் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். அடுத்த ஸ்டேசன் வரைக்கும் நானும் நாயோடு நாயாய்க் கார்ட் பெட்டியிலே பயணம் செய்தேன்.

திரும்பி வந்தபோது பாக்கியத்தின் கண் சிவந்திருந்தது. சிங்கள அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தா.

"நீங்கள் விழுந்துபோனியள் எண்டு நினைச்சு முருகனுக்கு அர்ச்சனை நேர்ந்துபோட்டன்."

"எனக்காகவோ?"

"முதல் வீமனுக்கு. பிறகு உங்களுக்கு. அது வாயில்லாச் சீவன்."

இறங்கின இடம் சின்ன ஸ்டேசன். குளிர் காதைப் பிடித்துத் திருகியது. குடிலைப் பார்த்துக்கொள்ளுகிற கருப்பையா தலைப்பாகையோடு காத்துக்கொண்டு நின்றார். கீழே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறவர். எங்கள் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்தார், பிறகு வீமனைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாயையுமாங்க கொண்டாந்தீங்க?"

"ஓம். துரைதான் சொன்னவர்."

"நல்லாக் கொழுத்த நாய்ங்க."

"சாப்பாட்டிலை நாங்கள் குறை வைக்கிறேல்லை" என்றாள் பாக்கியம் சந்தோசமாய்.

"அதாங்க நான் சொல்றேன். இங்கிட்டுச் சிறுத்தை இருக்குங்க. ஆட்டைக்கூட விட்டுரும், நாய்னா அதுக்கு உசுரு. போன மாசந்தான் தோட்டத்துக் கிளாக்கரய்யா நாயை வாசல்லயே தூக்கிருச்சு. பொழுது சாயறதுக்குள்ள உள்ள போட்டுக் கதவைச் சாத்திருங்க. தொரையோட நாயி ரெண்டும் அவரோட கட்டில்லதாங்க படுக்கும்."

துரைமாரின் நாய் கட்டிலில் படுக்கும் என்பது எனக்கும் தெரிந்த விசயம். கொழும்பில் இருந்து யோசிக்கிறபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

குடில் ஓர் ஓடைக்கரையில், கருங்கல் கால்களின் மேலே நின்றது. எங்கள் வெள்ளவத்தைக் குசினியைவிடச் சிறிது. நான் கை நீட்டினால் ஒரு சுவர், பாக்கியம் நீட்டினால் மற்றச் சுவர். ஒரு கட்டில், ஓர் இரும்பு அடுப்பு, சாமான் வைக்க ஒரேயொரு பலகைத் தட்டு. அந்தத் தட்டுக்கு நேரே சுவரில் துரை பிடித்த மீன் ஒன்று, பஞ்சடைத்து, கண்ணாடிக் கண்ணோடு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பாக்கியம் சுவாமிப் படம் இல்லாமல் எங்கும் போகமாட்டாள். தட்டிலிருந்த போத்தலைக் கையில் எடுத்து, "இது என்ன?" என்றாள்.

"துரையின்ரை மருந்து."

"பாவம், அவருக்கும் நெஞ்சிலை சளியாக்கும்" என்று பக்குவமாய்க் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, முருகனைத் தட்டிலே வைத்தாள். மீனுக்கு என் துவாயைப் போர்த்தினாள். பிறகு வாசலில் ஒரு வாளி தண்ணீரும் செம்பும் வைத்துச் சொன்னாள்: "இது வெள்ளவத்தை இல்லை எண்டு கால் கழுவாமல் உள்ளுக்கு வந்திடாதேங்கோ." அந்தத் தண்ணீரைக் காலில் ஊற்றினவன் யாராய் இருந்தாலும் காவடி எடுக்காமலே ஆடுவான். நான் ஆடினேன். வீமன் வாலை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இனி அவனை எங்கே விடுவது? "உள்ளுக்குத்தான்" என்றேன்.

"சுவாமி இருக்கிற இடத்திலையோ? நான் விளக்கு வைக்கிற இடத்திலையோ? உங்களுக்கு மலைக்காத்து மூளைக்குள்ளை ஏறிப்போட்டுது."

குடிலின் பின்பக்கம் ஒரு விறகுக் கொட்டில் இருந்தது. அதிலே சாக்கு விரித்து, கயிற்றில் கட்டி, கதவைச் சாத்தி, கதவுக்கு வெளியே திருநீறும் பூசினாள். நானும் வைரவரைக் கும்பிட்டேன். நாய் அவருடைய வாகனம், அவர் பார்க்கட்டும் என்று.

அவர் பார்த்தார். மட்டுமட்டாய்த்தான் பார்த்தார். விடிந்து போய்ப் பார்த்தால் கொட்டில் கதவில் ஒரு பலகை பிளந்து தொங்கியது, நகக்கீறல் என் பெருவிரல் ஆழம். வீமன் கயிற்றைக் கடித்தறுத்து விறகின் உச்சியில் ஏறி, முகட்டோடு முகடாய் ஒட்டிக்கொண்டிருந்தான். தூக்கி இறக்கினேன். அன்று காலை அவன் சாப்பிடவில்லை. வீமன் சாப்பிடாத காலையை நாங்கள் அதற்கு முந்திக் கண்டதில்லை.

பாக்கியம் கதவையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள், உள்ளே போனாள். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் நெய்போலக் கட்டியாகிக் கிடந்தது. அதை அடுப்பருகே வைத்து உருக்கி விளக்கேற்றினாள். அவள் படத்தோடு கதைப்பது வெளியே கேட்டது.

"முருகா, உனக்கு மயில் இருக்குது, சேவல் இருக்குது, நான் ஒண்டும் சொன்னனானோ? இந்தச் சீவனுக்குக் கொஞ்ச நாளைக்கு ஒரு மூலை குடு. ஊருக்குப் போய் அபிசேகம் செய்விக்கிறன்."

வெளியே வந்து, "இண்டைக்கு உள்ளுக்குப் படுக்கட்டும்" என்றாள்.

கருப்பையா பாலும், லீக்ஸும், கனத்த கோதுமை ரொட்டியும் கொண்டுவந்தார். ரொட்டிக்குக் கட்டச் சம்பல். யாழ்ப்பாணத்து நாக்கே உறைப்புக்குப் பேர்போனது என்று நினைத்திருந்தேன், அந்தச் சம்பல் என்னை அழவைத்தது. குளிருக்கு அது நல்ல சூடு. லீக்ஸைப் பாக்கியம் முகர்ந்து பார்த்து, வெங்காயத்துக்குத் தாடி வளர்ந்தது மாதிரி இருக்குது என்றாள். ஆனாலும் பால்விட்டுக் கறி வைத்தாள், இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் இரண்டாந்தரம் போட்டுக்கொண்டதை அன்றுதான் கண்டேன்.

மத்தியானம் வெயில் வந்தது. ஓடையில் மீன் பாய்ந்தால் வீமன் குரைத்தான், அது திரும்பப் பாய்ந்தால் பின்வாங்கினான். அவனுக்குச் சாப்பாட்டு ஆசை திரும்பியிருந்தது. சரி, வெளிச்சம் இருக்கும்போதே பழக்கிவிடலாம் என்று கதவைத் திறந்து, "வா, உள்ளுக்கு வா" என்றேன்.

வந்தான். படியிலே மூக்கை வைத்தான். படுத்தான்.

ரொட்டித் துண்டை உள்ளே வைத்தேன். கழுத்தை நீட்டினான், எட்டவில்லை, பெருமூச்சு விட்டான். பாக்கியமே உள்ளே நின்று, "வாடா, நான்தான் சொல்லுறன்" என்றாள். அவள் கையிலே கறி கிண்டின அகப்பை. அதைப் பார்த்ததும் அவன் மூக்கையும் எடுத்துவிட்டான். தூக்கி உள்ளே வைத்தேன். பெரிய குற்றம் செய்தவன்போலக் காதை மடித்துக் கத்திக்கொண்டு, என் கால் இடுக்கால் புகுந்து வெளியே பாய்ந்தான். பிறகு நான் கிட்டப் போனாலே குடிலுக்குக் கீழே கல்லுக்கால்களுக்குள் ஓடத் தொடங்கிவிட்டான். முருகன் சம்மதித்துவிட்டார், பாக்கியம் சம்மதித்துவிட்டாள். நாய்தான் ஆசாரத்தை விடவில்லை.

மலையில் பின்னேரம் என்று ஒன்று இல்லை. வெயில் நின்ற இடத்தில் திடீரென்று பனிமூட்டம் நிற்கும். ஓடைக்கு அங்கால் காடு மறைந்தது, பிறகு ஓடையும் மறைந்தது. கருப்பையா பொழுதோடே லயத்துக்கு இறங்கிவிட்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ காட்டுக்குள் மரம் அறுக்கிறதுபோல, இழுத்து இழுத்து. அந்த நேரத்தில் அந்தக் காட்டில் மரம் அறுக்க யார் இருக்கிறார்கள்? சிறுத்தையின் குரல் அப்படித்தான் இருக்குமாம்.

வீமன் குடிலுக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்து படியில் ஒட்டிக்கொண்டான். முன்னங்கால் இரண்டும் படியின் விளிம்பில். உள்ளே அடுப்பு எரிகிறது, நாங்கள் நிற்கிறோம், கதவு திறந்திருக்கிறது. ஒரு அடி வைத்தால் போதும். வைக்கமாட்டேன் என்கிறான். உடம்பு நடுங்க எங்கள் முகத்தைப் பார்க்கிறான். பாய்ந்து பிடித்தேன், வழுக்கிக்கொண்டு திரும்பவும் அடியில் புகுந்துவிட்டான். நான் இறங்கிச் சேற்றிலே முழந்தாளிட்டு, கல்லுக்கால்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினேன். அறுக்கிற சத்தம் ஓடைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டதுபோல இருந்தது. "வைரவா, உன் வாகனமடா, நான் ஸ்டோர்க் கணக்குப் பார்க்கிறவன், என்னாலை என்ன செய்யேலும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுகை வந்தது. எழும்பி உள்ளே ஓடினேன், விளக்கை எடுத்து அடியிலே பிடித்துப் பார்க்கலாம் என்று.

"இஞ்சாருங்கோ!" என்று பாக்கியம் கத்தினாள். "கால் கழுவாமல் வாறியளே! முழுக்கச் சேறு!"

சிறுத்தை வாசலுக்கு வந்தாலும் பாக்கியத்துக்குப் பாக்கியத்தின் சட்டம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கால் பழக்கத்தில் தானாய்த் திரும்பிவிட்டது. படியில் இறங்கிச் செம்பை எடுத்துத் தண்ணீரை ஊற்றினேன்.

ஊற்றுகிற சத்தம் கேட்டு வீமன் வெளியே வந்தான். என் பக்கத்தில், வாளிக்கு அருகே, ஒழுங்காய் நின்றான். என் காலைப் பார்த்தான், செம்பைப் பார்த்தான். வெள்ளவத்தையில் ஒவ்வொரு பின்னேரமும் பார்க்கிறது போலத்தான். நான் ஒன்றும் விளங்காமல் அடுத்த காலையும் கழுவினேன்.

விளங்கினது பாக்கியத்துக்கு. "நில்லுங்கோ, அசையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, தான் குடிப்பதற்கு அடுப்பில் வைத்திருந்த சுடுதண்ணீரைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பனியை அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. செம்பில் தண்ணீரைக் கலந்து, கையால் சூடு பார்த்து, படியில் குந்தியிருந்து, வீமனின் முன்னங்காலைப் பிடித்தாள். ஊற்றித் தேய்த்தாள். மற்றக் கால். பிறகு பின்னங்கால்கள். விரல்களுக்கு நடுவே இருந்த சேற்றையும் எடுத்தாள். அவன் மூக்கை அவள் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "ம். இப்ப வா" என்றாள்.

வீமன் படியைத் தாண்டினான்.

அவசரமில்லாமல், நான் கந்தோர் வேலை முடிந்து வந்து உள்ளே போகிறேனே, அந்த மாதிரிப் போனான். நாங்களும் பின்னால் போய்க் கதவைச் சாத்தி, கட்டிலையே இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். அறுக்கிற சத்தம் குடிலைச் சுற்றிக் கொட்டில் பக்கம் போயிற்று. கொஞ்சம் நின்றது. பிறகு மேட்டுப் பக்கம் ஏறித் தேய்ந்து போயிற்று. பாக்கியம் தேவாரம் பாடினாள். இருமல் இடையிலே வரவில்லை. வீமன் முருகனுக்கு நேரே படுத்து, துவாய்க்குக் கீழே தெரிந்த மீன்வாலைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்தியைப்பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கருப்பையாவிடம் கதையைச் சொன்னோம். அவர் ரொட்டிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சுடுதண்ணிலயா அம்மா கழுவுனீங்க?"

"ஓம், குளிர்தானே."

"கல்யாணம் முடிச்சு இத்தனை வருசமாச்சுங்க. எங்க மாமியா வூட்டுல என் காலுக்குப் பச்சத்தண்ணிகூட ஊத்துனதில்ல."

மிச்ச நாட்கள் ஓடையின் வேகத்தில் போயின. பகலில் வெயில் காய்ந்தோம், லீக்ஸ் தின்றோம். பொழுது சாய்வதற்கு முன்னமே வீமன் வாளியடியில் போய் நிற்பான். முதலில் அவன் கால், பிறகு என் கால். எனக்குப் பச்சைத்தண்ணீர்தான். பாக்கியத்தின் வெளிறின முகத்தில் திரும்ப இரத்தம் ஊறியது. ஆனால் கழுவுகிற ஒவ்வொரு தரமும் அவனுக்குச் சொல்லியே வைத்தாள்: "இது மலைக்கு மட்டும். வெள்ளவத்தையிலை பழைய சட்டம். விளங்கிச்சோ?"

திரும்புகிற அன்று அந்தச் சின்ன ஸ்டேசனில் கோச்சி வந்து நின்றது. கூண்டு வாசலில் பழையபடி மூக்கு, பழையபடி படுக்கை. இந்த முறை எனக்கு மருந்து தெரியும். பைப்பில் ஒரு செம்பு தண்ணீர் பிடித்து வந்து, பிளாட்பாரத்திலேயே குந்தியிருந்து நாலு காலையும் கழுவினேன். ஜன்னலெல்லாம் தலை. ஒரு சிங்களப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "இது தமிழருடைய பூசை. நாய்க்குப் பாதபூசை. மிகவும் விசேஷம்" என்று விளக்கினார். ஒருத்தர் தொப்பியைக்கூடக் கழற்றினார். வீமன் எழும்பி, தானாகவே கூண்டுக்குள் போய் உட்கார்ந்தான். கார்ட் வேறு ஆள். கொடியைத் தூக்க மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளவத்தைக்கு வந்து சேர விளக்கு வைக்கிற நேரம். உப்புக்காற்று முகத்தில் அடித்தது, வீட்டு மணம் வந்தது. பைப்படியில் நான் கால் கழுவினேன், பாக்கியம் கழுவினாள், உள்ளே போனோம். அவள் முருகனைப் பழைய இடத்தில் வைத்து விளக்கேற்றினாள். கற்பூரம் காட்டித் திரும்பினவள் வாசலைப் பார்த்தாள்.

படி வெறுமையாய் இருந்தது. வீமன் பைப்படியில் நின்றான். குரைக்கவில்லை, முனகவில்லை. ஒரு முன்னங்காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான், மலைக்கு மட்டும் எண்டு" என்றாள் பாக்கியம்.

"ஓம், சொன்னனீர்."

"சட்டம் எண்டால் சட்டம்."

"ஓம்."

குசினிக்குள் போனாள். அகப்பையைத்தான் எடுக்கப்போகிறாள் என்று நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். செம்புச் சத்தம் கேட்டது. என்னைத் தாண்டி வெளியே போய், பைப்பைத் திறந்து, கையால் தண்ணீரின் சூடு பார்த்து, குந்தினாள். ஒரு கால். அடுத்த கால். மூன்றாவது கால். பிறகு செம்பை என் பக்கம் நீட்டினாள்.

"நாலாவதை நீங்கள் கழுவுங்கோ. புண்ணியமோ பாவமோ, உங்களுக்கும் பங்கு இருக்கட்டும்."